பின்கதவு

சாப்பாட்டு மேசையில் கவச வண்டிகளின் படங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் ஜன்னல் வெயில் சாய்ந்து விழுகிறது. தங்கை எழுதும் நாவலில் வரும் கற்பனைப் படைக்கு எந்த வண்டி பொருந்தும் என்று, பட்டாளத்தில் வண்டி ஓட்டிய அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். ஒரு படத்தில் அவர் விரல் நின்றுவிடுகிறது. "இது வேணாம்மா. கவுந்தா பின்கதவை உள்ளேர்ந்து திறக்க முடியாது." தங்கை சிரிக்கிறாள். "கதைதானேண்ணா, திறந்துச்சுன்னு எழுதிட்டாப் போச்சு." அவர் சிரிக்கவில்லை. ஆறிய டீயில் ஆடை கட்டுகிறது. படத்திலுள்ள அந்தக் கதவின் விளிம்பை அவருடைய கட்டைவிரல் நகம் மெல்ல நெம்புகிறது, காகிதம் கிழிகிறது. "அப்போ இதையே வச்சுக்கோ," என்கிறார், அவளைப் பார்க்காமல். "கதவு திறந்துச்சு, பின்னாடி இருந்த ஏழு பேரும் இறங்கிட்டாங்கன்னு எழுது. ஓட்டினவன் முன்வழியா முதல்லயே வெளிய வந்துட்டான். அதை மட்டும் மாத்தாத."