கடைசாத்தி

"தோகாஷி?"

"இதோ, முன் வரிசையில."

"குமகாய்?"

"சாவி கிடைக்கிற நாளாச்சே, வராம இருப்பேனா வாத்தியாரே?"

"கினுகோ?"

"இருக்கேன்," என்று கினுகோ தேநீர்க் கெட்டிலோடு படியேறி வந்தாள்.

"பேரைக் கூப்பிடவே வேணாம், வாசனையே சொல்லிடுது," என்றார் குமகாய். கினுகோ சகாத்தா துறைமுகத்தில் கணவாய் மீன் பெட்டி கட்டுபவள். காலை வேலை முடிந்து நேராக வந்திருந்தாள்.

மூன்று பேர், ஒரு வாத்தியார். சலவைக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் நாணய வணிக வகுப்பு. வாரம் முழுக்க அவரவர் வீட்டில் இணையத்தில் டாலரும் யூரோவும் வாங்கி விற்பார்கள். சந்தை மூடியிருக்கும் சனிக்கிழமை, விலையின் ஏற்ற இறக்கத்தை மெழுகுவர்த்தி வடிவத்தில் காட்டும் வரைபடம் படிக்க இங்கே கூடுவார்கள். சிவப்பு ஏற்றம், கறுப்பு இறக்கம். மூன்று சிவப்பு அடுத்தடுத்து ஏறினால் மூன்று சிப்பாய். மூன்று கறுப்பு இறங்கினால் மூன்று காக்கை. அரிசிச் சந்தை நடந்த காலத்திலிருந்தே அந்த ஊரில் புழங்கும் பெயர்கள்.

இகராஷி வாத்தியாருக்கு எண்பத்திரண்டு வயது. அடுத்த வாரம் செந்தாய் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு குடிபோகிறார். அறைச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இன்னிக்குப் பரீட்சை. தேறுறவங்களுக்குச் சாவி. இனிமே வகுப்பு அவங்க சொல்றபடி."

தோகாஷி வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சாவி கிடைத்தால் வகுப்பை இணையத்தில் ஏற்றி, ஆளுக்கு இரண்டு லட்சம் யென் வாங்குவதாகத் திட்டம். குமகாய் கூட்டாளி. கினுகோவின் எண்ணம் வேறு. பெட்டி கட்டும் கொட்டகையில் பதினொரு பெண்கள் கற்றுக்கொள்ளக் காத்திருந்தார்கள். ஒருத்தியிடமும் இரண்டு லட்சம் கிடையாது.

"கடைசாத்தியும் பரீட்சைக்கு உட்கார்றாளா?" குமகாய் சிரித்தார்.

அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. மாத நஷ்டம் முப்பதாயிரம் யென்னைத் தொட்டால், அந்த நிமிடமே கையில் இருப்பதையெல்லாம் விற்றுக் கடையைச் சாத்திவிடுவாள். அப்புறம் ஒன்றாம் தேதி வரை சந்தைப் பக்கமே வரமாட்டாள்.

"போன மாசம் எப்ப சாத்துன?"

"எட்டாம் தேதி."

"ஒன்பதாம் தேதி டாலர் ஏறுச்சு, தெரியுமா? பொறுத்திருந்தா அள்ளியிருக்கலாம்."

"போன வருஷம் நீங்க பொறுத்தீங்களே அண்ணே. இப்ப கார் எங்க?"

குமகாய் தேநீரைக் குடித்தார்.

வாத்தியார் ஒரு நீளத் தாளை விரித்தார். "கையால வரைஞ்சது. நாலு வருஷம், மாசத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. பேரும் எண்ணும் போடல. இது எதோட வரைபடம், நம்பி இறங்கலாமா, சொல்லுங்க."

தோகாஷி பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். கால் மணி நேரம் அளந்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"மூணு சிப்பாய் ஏழு இடத்துல நிக்குது. அது பெரிசில்ல வாத்தியாரே, கறுப்பைப் பாருங்க. இறங்குன மாசம் பதினாறு. ஒண்ணுகூட இந்த அளவைத் தாண்டல. மூணு காக்கை சேர்ந்து வந்தப்பவும் தாண்டல."

"சந்தை இப்படி அளந்து விழாதே?" என்றார் குமகாய்.

"விழாது. பின்னால ஒரு கை இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல புடிச்சு நிறுத்துது. பதறாத கை, பேராசை இல்லாத கை. ஏதோ ஒரு நாட்டு மத்திய வங்கி தன் நாணயத்தைத் தாங்கிப் புடிக்கிற வேலை இது."

"சிங்கப்பூர்!"

"சும்மா இரு. முப்பத்தெட்டு வருஷம் வங்கியில உட்கார்ந்தவன் சொல்றேன், இது சுவிஸ். என் ஓய்வூதியம் மொத்தத்தையும் கண்ணை மூடிக்கிட்டு இதுல போடுவேன்."

வாத்தியார் திரும்பினார். "கினுகோ, நீ?"

அவள் தாளை ஒரு முறைதான் பார்த்தாள். காது சிவந்தது. "இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் வாத்தியாரே."

"பரீட்சையிலயும் கடையைச் சாத்திட்டா!" குமகாய் தொடையில் தட்டிச் சிரித்தார்.

தோகாஷி சாவியை நோக்கிக் கையை நீட்டினார். வாத்தியாரின் கை அதற்கு முன்பே சாவி மேல் இருந்தது.

"தோகாஷி சொன்னது அத்தனையும் சரி, நாட்டைத் தவிர." அவர் கினுகோவைப் பார்த்தார். "சொல்லட்டுமா?"

கெட்டிலைச் சாய்த்தபடியே அவள் தலையசைத்தாள்.

"போன மாசம் ஒருத்தங்க வரிப் படிவம் நிரப்பித் தரச் சொல்லி, நாலு வருஷக் கணக்கைக் கொடுத்தாங்க. அதைத்தான் வரைஞ்சேன். ஒரு கறுப்பும் தாண்டாத அந்த அளவு, முப்பதாயிரம் யென். நீங்க சொன்ன மத்திய வங்கி, இப்ப உங்களுக்குத் தேநீர் ஊத்திக்கிட்டு இருக்கு."

அளவுகோல் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

வாத்தியார் சாவியைக் கினுகோவின் உள்ளங்கையில் வைத்து மூடி, முன்னால் இறங்கிப் போனார். அவர் பின்னால் குமகாய் சத்தமில்லாமல் நழுவினார். தோகாஷி மட்டும் வாசலில் தயங்கி நின்று, குனிந்து வணங்கினார்.

"அடுத்த வாரம் எத்தனை மணிக்கு... வாத்தியாரம்மா?"

"வகுப்பு ரெண்டு மணிக்கு. பதினொரு பேர் புதுசா வர்றாங்க. நீங்க ஒன்றரைக்கே வந்துடுங்க அண்ணே, தேநீர் போடணும்," என்றாள் கடைசாத்தி. அவரை முன்னே விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.