சக்கரமில்லாத வீடு

சர்மாத்தியர் என்ற நாடோடிக் கூட்டத்தோடு கிழக்கேயிருந்து மாதக்கணக்கில் தன் குட்டியோடு நடந்துவந்தது ஒரு பெண்குதிரை. வழியில் புல் இல்லை. பால் வற்றிப்போய்க் குட்டி தள்ளாடியது.

டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு மண்வீடு நின்றது. குதிரைக்குத் தெரிந்த வீடெல்லாம் வண்டிமேல் கட்டிய கம்பளிக் கூடாரம்தான்.

"ஐயோ பாவம், சக்கரம் கழன்றுபோச்சா? நான் வேணா இழுத்துவிடட்டுமா?" என்று வாசலில் நின்ற வாத்திடம் கேட்டது.

வாத்து விழுந்து விழுந்து சிரித்தது. "இது எங்கேயும் போகாது தாயி!"

"அப்போ புல் தீர்ந்துபோனா?"

"இங்கேயே திரும்ப முளைக்கும். நிற்கவே தெம்பில்லாத பிள்ளையை வச்சுக்கிட்டு எனக்கு உதவ வந்தியாக்கும்! முதல்ல மேயி."

குதிரை கூச்சத்தோடு மேய்ந்தது. மூன்றாம் நாள் பால் சுரந்தது. வயிறு நிறைந்த குட்டி, வழியில் ஒருநாளும் செய்யாதபடி, காலை நீட்டிப் படுத்துத் தூங்கியது.

"எப்போ கிளம்புறீங்க?" என்றது வாத்து.

"மெதுவாப் பேசு. இவன் எழுந்திரிக்கட்டும், பார்க்கலாம்."