ஆந்தையின் கூலிங் கிளாஸ்

புளியமரத்து ஆந்தை பகலில் தலைகாட்டினால் போதும், காக்கை விரட்டி விரட்டிக் கொத்தும். போன ஐப்பசியில் அது பிடுங்கிய வால் இறகை ஆந்தை இன்னும் மறக்கவில்லை.

ஒரு நாள், சுற்றுலா பஸ் ஜன்னலிலிருந்து பழைய கூலிங் கிளாஸ் ஒன்று மரத்தடியில் விழுந்தது. தடித்த பழுப்பு பிரேம், ஓரத்தில் தங்கப் பூண். ஆந்தை அதை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் கிளையில் வந்து உட்கார்ந்தது.

காக்கை கொத்தவில்லை. மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தது.

"அண்ணே, வெளியூருங்களா? அசல் பழைய மாடல்! இந்த மாதிரி இப்ப யாரு செய்றாங்க? உங்க மூஞ்சிக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

ஆந்தைக்கு உச்சி குளிர்ந்தது. குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டியது.

"இங்க ஒரு கிழட்டு ஆந்தை இருக்குண்ணே. அது மூஞ்சியில இதை மாட்டினா எப்படி இருக்கும்!" என்று சிரித்தது காக்கை.

"ஏன், என் மூஞ்சிக்கு என்னடா குறைச்சல்?" என்று ஆந்தை கண்ணாடியை வெடுக்கென்று கழற்றிக் காட்டியது.

அப்புறம் என்ன? காக்கை துரத்த, ஆந்தை பொந்துக்குள் பாய்ந்தது. இன்னொரு வால் இறகும் போயிற்று. ஆனால் உள்ளேயிருந்து குரல் மட்டும் குஷியாக வந்தது:

"கொத்துடா, கொத்து! அண்ணேன்னு கூப்பிட்டது கூப்பிட்டதுதான்!"