ஆறாவது விரல்

பாட்டு வீடியோக்களுக்கு நொச்சிக்குப்பத்து மீனவ ஆட்களைக் கூட்டிவந்து நிறுத்துவது தேசம்மாவின் பிழைப்பு. இந்தத் தடவை ஆட்களைக் கம்ப்யூட்டரே செய்துவிட்டது என்றார்கள். சண்டை போடத்தான் தி.நகர் ஆபீசுக்குப் போனாள்.

"வலை இழுக்க நாங்க இல்லியா, இன்னாத்துக்கு நைனா கம்ப்யூட்டரு?"

எடிட்டர் சாய்நாத் வீடியோவை ஓட்டிக் காட்டினான். வலை இழுக்கும் கூட்டத்தில் ஒருவனுக்கு வலது கையில் ஆறு விரல்.

"கம்ப்யூட்டருக்கு விரல் எண்ணத் தெரியாதுக்கா. அழிச்சிடறேன்."

"அழிக்காத. அது எங்கண்ணன். பொறந்ததே ஆறு விரலோட. யார்னா பாத்தா கைய பின்னாடி ஒளிச்சிக்கும். கடலுக்குப் போச்சி, திரும்பல."

"இதுல யாருமே நெசமான ஆளு இல்லக்கா" என்று சிரித்துக்கொண்டே விரலை அழித்தான்.

மறுபடி ஓட்டினான். எல்லோரும் வலை இழுத்தார்கள். அவன் மட்டும் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.