அந்த ஒரு டிக்

"இன்னைக்கும் எடுத்துட்டாங்க சார்."

சிஸ்டம்காரர் ஒரு தாளை மேனேஜர் மேஜையில் வைத்தார். ரெக்கார்டு அக்கா மேல் அவர் கொடுக்கும் பதினேழாவது புகார் அது.

விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் ஆபீஸ் அது. பதிவுகளை வாங்கிப் பெயர் போட்டு போல்டரில் வைப்பது அக்காவின் வேலை. சர்வரில் இடம் போதவில்லை என்று எல்லா போல்டரிலும் 'சுருக்கி வை' என்ற கட்டத்தில் சிஸ்டம்காரர் டிக் போட்டிருந்தார். டிக் போட்டால் பைல் பெயர்கள் நீலமாகிவிடும், கொஞ்சம் இடம் மிச்சமாகும். போடலாமா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

அக்கா மட்டும் தினமும் முதல் ஆளாக வந்து தன் போல்டரில் அந்த டிக்கை எடுத்துவிடுவாள். சாயந்திரம் இவர் மறுபடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். மூன்று வாரமாக இதே கூத்து.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்னம்மா பிரச்சினை என்று கேட்டார்.

"போல்டர் என் பொறுப்பு சார். அதுல கை வெக்கிறதுக்கு முன்னால என்னைக் கேட்டிருக்கணும்."

"சரி, இப்ப கேக்கறேன். டிக் போடலாமா?"

"வேண்டாம் சார்."

சிஸ்டம்காரர் சிரித்துவிட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பி, என் போல்டரைச் சுருக்கினதில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டாள். ஒலிப்பதிவு அவ்வளவாகச் சுருங்காது, இரண்டு சதவீதம் இருக்கும் என்று அவர் மென்று விழுங்கினார். ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று மேனேஜர் கைகொடுத்தார்.

"காரணம் சொல்லுங்க, விட்டுடறேன். இல்லேன்னா மாற்றல்தான்."

கிளை ஆபீஸுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். அக்காவின் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், கூட்டிப் போய் விட வேறு ஆள் கிடையாது. இது மேனேஜருக்கும் தெரியும்.

"காரணம் சொல்ல மாட்டேன் சார். மாற்றல் போடறதுன்னா போடுங்க." சொல்லிவிட்டு நிமிர்ந்த தலை குனியாமல் போய்விட்டாள்.

கொழுப்பு என்றார் மேனேஜர். சாதாரணக் கொழுப்பு இல்லை சார் என்றார் சிஸ்டம்காரர். தன் இடத்துக்குப் போன கையோடு அவர் டிக்கைப் போட்டு, வேறு யாரும் எடுக்க முடியாதபடி பூட்டியும் விட்டார். மேனேஜர் மாற்றல் உத்தரவைத் தன் குரலிலேயே பதிவு செய்து, டைப் ஆவதற்காக அதே போல்டரில் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் டைப்பிஸ்ட் அண்ணன் சிஸ்டம்காரருக்கு போன் செய்தார். முப்பது வருஷ சர்வீஸ். கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார், ஒரு பிழை இருக்காது.

"தம்பி, போல்டர் காலியா இருக்கே. காலையில எல்லாம் இருந்துச்சு."

சிஸ்டம்காரர் போய்ப் பார்த்தார். அண்ணனின் திரையில் பின்னணி முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பில் நாற்பது பெயர்கள் கட்டைவிரல் பருமனுக்கு நீலத்தில் நின்றன. அண்ணன் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு இது தெரியலையா?"

அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருஷமா வெள்ளை எழுத்து மட்டும்தான் கொஞ்சம் தெரியுது தம்பி. பைல் பேரைப் பிடிச்சுட்டா போதும், மீதியைக் காதும் கையும் பாத்துக்கும். நீங்க நீலமாக்கினதுல இருந்து ரெக்கார்டு பொண்ணுதான் தினமும் காலையில வந்து வெள்ளையாக்கி வெக்கும். வெளியில சொல்லிடாதீங்க. கண் டெஸ்ட் வெச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

சிஸ்டம்காரருக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து பூட்டைத் திறந்து டிக்கை எடுத்தார். மேனேஜரின் மாற்றல் உத்தரவை மட்டும் இப்போது அடிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"அந்த டிக்கை எடுத்துட்டேன் சார்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? என்ன காரணம்?"

"காரணம் சொல்ல மாட்டேன் சார். அந்த மாற்றல் ஆர்டர்ல என் பேரையும் சேர்த்துக்குங்க."