கோகிலனைக் கூட்டி வரப் போனேன்

"கோகிலன்! எனக்குக் கோவம் வர்றதுக்குள்ள வெளிய வந்துரு லா!"

மூன்றாவது முறை கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது.

மணி ஏழே முக்கால். செமோரைத் தாண்டி உள்ளே கிடக்கும் இந்தப் பழைய தோட்டத்து வீட்டிலிருந்து ஈப்போவில் இருக்கும் எங்கள் பயிற்சி மையத்துக்கு முக்கால் மணி நேரம். ஒன்பதுக்கு வெல்டிங் தேர்வு. தேர்வாளர் வெளியிலிருந்து வருகிறவர். ஐந்து நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்.

அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும், மெங்லெம்புவில் பட்டறை வைத்திருக்கும் சீனத் தவுக்கே கோகிலனை அடுத்த வாரமே வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அவன் பழையபடி கார் கழுவப் போகவேண்டியதுதான்.

பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத் தொழில் வகுப்பில் சேர்ப்பது என் வேலை. சேர்ப்பது சுலபம். இரண்டாவது வாரமும் வரவைப்பதில்தான் உயிர் போகும்.

இருபத்திரண்டு பேரில் பாதிப் பேராவது இன்னும் வருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் நானில்லை, கோகிலன். காலையில் மூன்று பேரை வீடு வீடாகப் போய் எழுப்பி இழுத்து வருவான். தீப்பொறிக்குப் பயந்து எவனாவது பின்வாங்கினால் பக்கத்திலேயே நிற்பான். அவன் ஒட்டிய இரும்பில் கோடு தையல் போட்டதுபோல் ஓடும்.

அப்படிப்பட்டவன் நான்கு நாளாக வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்கிறானே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

உண்மையில் எனக்குப் பயம். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் பாதியில் நின்றிருக்கிறார்கள், பழகிவிட்டது. இவனும் நின்றுவிட்டால் என்னால் தாங்க முடியாது.

கதவு திறந்தது. அவன் அம்மா. இன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. எட்டு மாத உழைப்பைக் குப்பையில் போடப் பார்க்கிறானே, பெற்றவர்கள் கேட்கமாட்டீர்களா, இவ்வளவு சோம்பேறித்தனமா என்று பொரிந்து தள்ளினேன். அவர் எல்லாவற்றையும் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

"கெளம்பிட்டாம்மா. சட்டைதான் கொஞ்சம் டைட்டா இருக்கு."

அறைக்குள்ளிருந்து எங்கள் மையத்தின் நீலச் சட்டை வெளியே வந்தது. நெஞ்சில் கோகிலன் என்று நாங்கள் தைத்துக் கொடுத்த பெயர்.

சட்டைக்குள் இருந்தவனை எனக்குத் தெரியவில்லை.

பருத்த கன்னம். காதில் கடுக்கன். "போலாங்கக்கா," என்று சொல்லிக்கொண்டே தன் அடையாள அட்டையை என்னிடம் நீட்டினான்.

வகுப்பில் சேர்க்கும்போது நான் நகல் எடுத்த அதே அட்டை. பன்னிரண்டு வயதுப் படம். அந்த வயதில் யார் படமும் யாருக்கும் பொருந்தும் என்று அன்றைக்கு உற்றுப் பார்க்காமல் விட்டிருந்தேன். படத்தில் மேலுதட்டில் ஒரு மச்சம் இருந்தது. இவனுக்கும் இருந்தது.

இவன் பின்னால், நான் கோகிலன் என்று நினைத்திருந்த என் மாணவன் வந்து நின்றான். கையில் இருந்த தோல் கையுறைகளை மச்சக்காரனிடம் கொடுத்தான்.

அம்மாதான் சொன்னார். "இவன் பெரியவன், சட்டை போட்டிருக்கறவன் சின்னவன். நான் அக்கரைல மேடான்லருந்து வந்தவம்மா, இந்த நாட்டுக்காரி இல்ல. கோயில்ல தாலி கட்டிட்டாப் போதும்னு இருந்துட்டோம், பெரியவன் பொறந்தப்பறந்தான் கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணோம். அதனால சின்னவனுக்கு இந்த ஐசி கார்டு குடுத்தாங்க. இவனுக்கு இன்னும் இல்ல."

தேர்வு அன்று விரல் ரேகையை அடையாள அட்டையோடு சரிபார்ப்பார்கள் என்று போன வாரம் வகுப்பில் அறிவித்தது நான். அன்றோடுதான் இவன் வருவதை நிறுத்தியிருந்தான்.

நான்கு நாளும் வீட்டுக்குப் பின்னால் தம்பியின் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து வெல்டிங் பழக்கியிருக்கிறான். தம்பி தெலுக் இந்தானில் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறவன். வெல்டிங் மெஷினைத் தொட்டதே இல்லை.

"எப்படியாவது பாஸ் பண்ணிர்றேங்கக்கா," என்றான் தம்பி. "வேலைக்கு அண்ணன்தான் போவான்."

அந்த அம்மாவைத் திட்டியதை நினைக்க அவமானமாக இருந்தது. எட்டு மாதமாகத் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கோகிலன் என்று நான் கூப்பிடுவேன், இவனும் முதல் ஆளாகக் கை தூக்குவான்.

"உன் பேரு என்னப்பா?" என்றேன் பெரியவனிடம்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"ஜெயபாலன்," என்றான், யாரையோ காட்டிக்கொடுக்கிறவனைப் போல.