ஆயாவைத் துரத்திய ராஜா

"உன் முகத்துல இனிமே நான் முழிக்கவே கூடாது. பொழுது சாயறதுக்குள்ள எல்லையைத் தாண்டிடணும்!"

சபை நடுவில் இப்படிக் கத்தியது பத்து வயசு ராஜா. யாரைப் பார்த்து? பெற்றவள் கண்ணை மூடிய நாளிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்த ஆயாவைப் பார்த்து!

நான் அரண்மனைச் சமையல்காரன். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?" ஆயாவுக்குக் குரல் உடைந்தது.

"கொஞ்சறதெல்லாம் வேணாம். கிளம்பு."

அடப்பாவி! நாலு மாசத்துக்கு முன்னால் முடிசூட்டிய அன்று, சிம்மாசனத்தில் தனியாக உட்காரப் பயந்து, இவள் மடியில் உட்கார்ந்துதானே கிரீடம் வைத்துக்கொண்டான்? அதற்குள் இவ்வளவு திமிரா?

"அதிகாரம் வந்துட்டா வயசாவது ஒண்ணாவது" என்று முணுமுணுத்தான் காவல்காரன்.

ஆயா துணிமூட்டையோடு சமையற்கட்டு வழியாக வந்தாள். "பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு தம்பி. குடிக்க வெந்நீரே குடு" என்றாள். அப்போதும் அவளுக்கு அவனைப் பற்றித்தான் கவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் சாப்பாடு கொண்டுபோனேன். அவ்வளவு பெரிய மேஜையில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலி காலி. ராஜா சாப்பிடுவதற்கு முன்னால் ருசி பார்க்கிறவருடைய இடம் அது. முந்தாநாள் காலையில் ராஜாவின் பாலை ஒரு மடக்குக் குடித்தவர், அங்கேயே சுருண்டு விழுந்து செத்துப்போனார். விஷம் வைத்தது யாரென்று இன்னும் பிடிபடவில்லை.

மனசு கேட்கவில்லை. வாயை விட்டுவிட்டேன்.

"என் தலையே போனாலும் சரி, சொல்லிடறேன். நீங்க பண்ணினது பெரிய பாவம். அந்தம்மா இனி எங்கே போவாங்க?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் என் அத்தை வீட்டுக்கு. முன்னாடியே சொல்லி அனுப்பிட்டேன். நல்லா வெச்சுப் பாத்துப்பாங்க."

"அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆயா காலையில வந்து, 'இனிமே உன் சாப்பாட்டை நான்தான் ருசி பார்ப்பேன்'னு ஒத்தைக்கால்ல நின்னா. வேணாம்னு எவ்வளவோ கெஞ்சினேன், கேக்கலை. வெறுத்துட்டேன்னு நினைச்சாத்தான் போவான்னு தோணிச்சு. நான் ஒரு சொட்டு அழுதிருந்தாலும் போயிருக்க மாட்டா மாமா."

"கொஞ்சம் இருங்க. இன்னைக்கு நான் ருசி பார்க்கறேன்" என்று கரண்டியை எடுத்தேன்.

அவன் தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"விஷம் வெக்கறது எனக்குத்தானே மாமா? அதுக்கு எதுக்கு வேற ஒருத்தர் சாகணும்?"

சொல்லிவிட்டு, முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார் எங்கள் ராஜா.